தாம்பரம் பக்கம் தனி வீடு வாங்குகிறீர்களா? தெருவிலிருந்து தொடங்குங்கள்

என் தங்கைக்காகத் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எட்டு மாதம் வீடு தேடினோம். மொத்தம் முப்பத்தொரு வீடு பார்த்தோம். முதல் பத்து வீட்டை நாங்கள் பார்த்த விதமே தப்பு. உள்ளே போனதும் மாடுலர் கிச்சனைத் திறந்து பார்ப்பது, பாத்ரூம் டைல்ஸைத் தடவுவது, பூஜை அறை சின்னதாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பது. இப்படியே ஓடியது.

பதினோராவது வீடு எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. அட்வான்ஸ் பேச்சுகூட வந்துவிட்டது. வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டி கேட்டார்: “மழைக்கு எங்க போவீங்க, தம்பி?” எனக்குப் புரியவில்லை. “இல்ல, 2015-ல நாங்க மூணு நாள் மொட்டை மாடியிலதான் இருந்தோம். நீங்க வாங்குற வீட்டுல மாடிப்படி வெளியில இல்லையே, அதான் கேட்டேன்.”

அந்தப் பாட்டிக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. அன்றிலிருந்து வீடு பார்க்கும் வரிசையையே மாற்றினோம். முதலில் தெரு, அப்புறம் தண்ணீர், அப்புறம் காகிதம், கடைசியில்தான் கட்டடம். டைல்ஸை மாற்றலாம், கிச்சனை இடித்துக் கட்டலாம். தெருவின் மட்டத்தையோ பத்திரத்தில் உள்ள ஓட்டையையோ நாம் ஒன்றும் செய்ய முடியாது.

தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் ஒரு பக்கம். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் இன்னொரு பக்கம். இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே கட்டிக் குடியிருந்த தனி வீட்டை வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலி மனை வாங்குபவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

படி 1: எந்தப் பகுதி என்று முடிவு செய்வது

இந்தப் புறநகர் ரயிலால் வளர்ந்தது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்றைக்கும் இங்கே வீட்டு விலை ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்துத்தான் ஏறி இறங்குகிறது. விளம்பரத்தில் ‘ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்’ என்று இருந்தால் அது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு பைக்கில் போகும் ஐந்து நிமிடம். நீங்கள் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். முடிந்தால் நடந்தே போங்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு ஜிஎஸ்டி சாலையின் போக்குவரத்தே வேறு மாதிரி ஆகிவிட்டது. பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள் மாலையில் அந்தப் பக்கம் வீடு திரும்புவது எப்படி இருக்கும் என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். பெருமூச்சிலேயே பதில் வந்துவிடும்.

அடுத்து, வீடு யாருடைய எல்லையில் இருக்கிறது என்று பாருங்கள். 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியை உருவாக்கினார்கள். அந்த எல்லையை ஒட்டியே கிராம ஊராட்சிகளும் இருக்கின்றன. ஒரே சாலையின் இடது பக்கம் மாநகராட்சி, வலது பக்கம் ஊராட்சி என்று இருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். குப்பை வண்டி, தெருவிளக்கு, சொத்து வரி, பாதாளச் சாக்கடை எல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

அளவுக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அதாவது ஒரு கிரவுண்டு ஏறக்குறைய ஐந்தரை சென்ட். ஊருக்குள் இருக்கும் புரோக்கர் கிரவுண்டில் பேசுவார், கொஞ்சம் தள்ளிப் போனால் சென்ட் கணக்கில் பேசுவார்கள். இந்தப் பக்கம் கிடைக்கும் தனி வீடுகளில் பெரும்பாலானவை அரை கிரவுண்டுதான்.

படி 2: தெருவை மழையோடு பார்ப்பது

மற்ற எதை அவசரமாகச் செய்தாலும் இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால்தான் இங்கே மூழ்கியது என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. இங்கே வந்த தண்ணீர் மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வந்தது. இது வீடு வாங்குபவருக்கு எதற்கு என்றால், செய்தியில் செம்பரம்பாக்கம் நிலவரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் தெருவுக்கு வரும் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் இந்தப் பகுதிகளில் மறுபடி தண்ணீர் நின்றது.

செங்கல்பட்டுப் பக்கம் முழுக்கவே ஏரிச் சங்கிலிதான். ஒரு ஏரியின் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும், அது வழிந்தால் அதற்கடுத்ததற்கு. ஆகவே பக்கத்தில் ஏரி இருக்கிறதா என்று கேட்பது போதாது. வீடு ஏரியின் எந்தப் பக்கம் இருக்கிறது? கரைக்கு வெளியே, பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகுக்குக் கீழே இருந்தால் அது ஒரு காலத்தில் நெல் விளைந்த ஆயக்கட்டு. பள்ளமான இடம். கரை இல்லாத மறுபக்கம், தண்ணீர் பரவி நிற்கும் ஓரத்தில் இருந்தால் அது நீர்ப்பிடிப்பு. கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்கால் வழியில் இருந்தால் எல்லாவற்றையும்விட மோசம். போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஏரியின் கரை எந்தப் பக்கம் நேர்கோடாக ஓடுகிறது என்று பாருங்கள், பாதி புரிந்துவிடும்.

பேரையும் கவனியுங்கள். தாங்கல் என்றால் சிறு ஏரி. பழவந்தாங்கல் போல அந்தச் சொல் ஊர்ப் பெயரிலேயே தங்கிவிட்ட இடங்கள் உண்டு. ஏரிக்கரைத் தெரு, மதகுத் தெரு என்று பழைய பெயர் இருந்தால் விசாரிக்க வேண்டும். புதிய நகர்களுக்கு லேக் வியூ என்று பெயர் வைத்தால் மட்டும் ஏனோ விலை கூடிவிடுகிறது.

இனி தெருவுக்குள் நடக்கலாம். மழை பெய்த அன்றோ மறுநாளோ போவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் தேடினால் பாதி வேலை தானாக முடிந்துவிடும். கோடையில் தேடினாலும் தடயம் இருக்கும். காம்பவுண்டு சுவர்களை வரிசையாகப் பாருங்கள். தெரு முழுக்க ஒரே உயரத்தில் காரை பொரிந்து, அதற்கு மேல் சுவர் நன்றாக இருந்தால் அது தண்ணீர் நின்ற கோடு. விற்கும் வீட்டுக்குப் புது பெயின்ட் அடித்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்கு அடித்திருக்க மாட்டார்கள். ஈபி மீட்டர் பெட்டி தலைக்கு மேல் இருக்கிறதா? பழைய பெட்டியைக் கழற்றிய ஓட்டை இடுப்புயரத்தில் சிமென்ட் பூசி அடைத்திருக்கிறதா? தண்ணீர் மோட்டாரைத் தரையில் வைக்காமல் மேடை கட்டி வைத்திருக்கிறார்களா? ஒருவர் செய்தால் அது முன்ஜாக்கிரதை. தெருவே செய்திருந்தால் அனுபவம்.

நாங்கள் பார்த்த ஒரு தெருவில் வீடுகளின் வயதைப் படிகளை எண்ணியே சொல்ல முடிந்தது. 1990-களில் கட்டிய வீட்டுக்கு வாசலிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும். 2005 வாக்கில் கட்டியது ரோட்டு மட்டம். 2016-க்குப் பிறகு கட்டியதற்கு ஐந்து படி ஏற வேண்டும். ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனதால் வந்த வினை. கீழே இறங்கிப் போகும் வீட்டை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்காதீர்கள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி உயர்த்தும் வேலை சென்னையில் நிறைய நடக்கிறது, செய்து கொடுக்க ஆட்கள் உண்டு. ஆனால் அந்தச் செலவையும், உள்ளே மறுபடி தரை போடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு விலை பேசுங்கள்.

பிறகு கேள்வி. “இங்க தண்ணி நிக்குமா?” என்று கேட்டால் எல்லாரும் “அதெல்லாம் இல்ல சார்” என்பார்கள். தன் தெருவின் மதிப்பைக் குறைக்க யாருக்கு மனசு வரும்? “2015-ல உங்க வீட்டுல எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேளுங்கள். கை தானாக முழங்காலுக்கோ இடுப்புக்கோ போகும். வாடகைக்கு இருப்பவர்கள், இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர் ஆகியோருக்கு மறைக்கக் காரணம் இல்லை. இஸ்திரி வண்டிக்காரரிடம் நான்கு சட்டை கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தால் அந்தத் தெருவின் இருபது வருட வரலாறு கிடைக்கும்.

படி 3: நிலத்தடி நீர்

இந்தப் பக்கம் பல தெருக்களில் குடிநீர்க் குழாய் இருந்தாலும் குளிக்க, துவைக்க போர் தண்ணீரை நம்பித்தான் வாழ்க்கை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே எண் பாதியாகக் குறைவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் பக்கத்து வீட்டு அளவை நம்ப வேண்டாம். ஆர்ஓ போட்ட குழாயில் அளந்துவிட்டு மகிழ்ச்சியடையவும் வேண்டாம், மோட்டாரைப் போடச் சொல்லி நேரே பிடித்து அளங்கள்.

இன்னொரு சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம். ஒரு பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்து வந்து எவர்சில்வர் சொம்பில் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் மேலே எண்ணெய் போல ஒரு ஆடையும் அடியில் செம்மஞ்சள் மண்டியும் இருந்தால் இரும்புத் தண்ணீர். வெள்ளை வேட்டியை மறந்துவிட வேண்டியதுதான். பாத்ரூம் குழாயின் மூக்கில் வெள்ளையாக உப்புக் கட்டியிருந்தால் கடினத் தண்ணீர், கீசர் அடிக்கடி போகும்.

போர் எத்தனை அடி, எந்த வருடம் போட்டது, மே மாதத்தில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினால் தொட்டி நிரம்புகிறது என்று கேளுங்கள். தெருவில் கோடையில் தண்ணீர் லாரி வருகிறதா என்பதை மளிகைக் கடையில் கேட்டால் தெரியும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம் என்பதால் எல்லா வீட்டிலும் ஒரு குழாய் தரைக்குள் இறங்கும். அந்தக் குழாய்க்குக் கீழே உண்மையில் குழி இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நாங்கள் திறந்து பார்த்த ஏழில் மூன்றில் மண் மட்டுமே இருந்தது.

செப்டிக் டேங்க் எங்கே, போர் எங்கே? அரை கிரவுண்டு மனையில் இரண்டையும் எவ்வளவு தள்ளி வைக்க முடியும்? உங்கள் டேங்க் தள்ளி இருந்தாலும் பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் போரை ஒட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். இதைப் பார்த்துவிட்டு, குடிக்க அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவதா என்று முடிவெடுங்கள்.

படி 4: அக்கம்பக்கம்

நான்கு வேளையில் போக வேண்டும்: காலை ஆறு மணி, பள்ளி வேன் வரும் நேரம், இரவு பத்து மணி, ஒரு ஞாயிறு மதியம். கல்யாண மண்டபம் தெரு முனையில் இருந்தால் முகூர்த்த நாளில் போங்கள். ஆடி மாதத்து ஒலிபெருக்கி சிலருக்குச் சந்தோஷம், சிலருக்குத் தலைவலி. அது நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்தால் பயிற்சி விமானங்களின் சத்தத்தை ஒரு வார நாள் காலையில் கேட்டுவிட்டு வாருங்கள்.

தெருவின் அகலம் முக்கியம். உங்கள் கார் உள்ளே வந்தால் போதாது. எதிரே ஒரு கார் நின்றிருக்கும்போது செப்டிக் டேங்க் லாரியும் ஆம்புலன்ஸும் உள்ளே வர வேண்டும். பத்திரத்தில் 24 அடி ரோடு என்று இருக்கும், நேரில் டேப் பிடித்தால் 18 அடி இருக்கும். மீதி ஆறு அடியில் இரண்டு பக்க வீட்டுக்காரர்களின் சரிவும் படியும் செம்பருத்திச் செடியும் இருக்கும்.

பக்கத்து மனை காலியாக இருந்தால் காற்றும் வெளிச்சமும் வருகிறது என்று சந்தோஷப்படுவோம். நாளைக்கு அங்கே மூன்று மாடி வரும். ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு சுவர். அதுவரைக்கும் அது குப்பை மேடு, சில சமயம் பாம்புப் புற்று. அந்த மனை யாருடையது என்று கேட்டு வையுங்கள்.

வாஸ்து விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். தெற்குப் பார்த்த வீடு என்றால் இங்கே பலர் உள்ளேயே வர மாட்டார்கள். அதனாலேயே விலை இறங்கும். ஆனால் சென்னையில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. தெற்கு வாசல் வீட்டில் மே மாத மாலையில் முன்னறையில் உட்கார்ந்து பாருங்கள். தங்கை வாங்கியது தெற்கு வாசல்தான். தெரு நேரே வந்து முட்டும் தெருக்குத்து வீட்டை மட்டும் நானும் தவிர்ப்பேன், காரணம் சாஸ்திரம் இல்லை. நேரே வரும் வண்டியின் ஹெட்லைட் ராத்திரி முழுக்கப் படுக்கையறையில் அடிக்கும், திரும்ப விற்கும்போதும் ஆள் கிடைக்காது.

படி 5: காகிதம்

இதற்கு ஒரு வழக்கறிஞரை வைத்தே ஆக வேண்டும். வங்கிக் கடன் வாங்கினால் வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பார், ஆனால் அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. உங்களுக்கென்று தனியாக ஒருவர் பார்க்கட்டும். அதற்கு முன்னால் நீங்களே பார்த்துவிடக் கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் மூலப் பத்திரம். இன்றைய உரிமையாளர் யாரிடமிருந்து வாங்கினார், அவர் யாரிடமிருந்து என்று பின்னோக்கி முப்பது வருடமாவது சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். எல்லாம் அசலாகப் பார்க்க வேண்டும். “அசல் லாக்கர்ல இருக்கு, அப்புறம் காட்டுறேன்” என்றால் காட்டிய பிறகு பேசலாம். தொலைந்துவிட்டது என்றால் போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் வாங்கி, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருக்க வேண்டும். அதெல்லாம் இருந்தாலும் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

அடுத்து வில்லங்கச் சான்று, எல்லாரும் சொல்வது ஈசி. பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். ஈசி சுத்தமாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பதுதான் நம் ஊரில் பெரிய தவறு. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயில் வராது. பத்திரத்தை ஒரு தெரிந்தவரிடம் அடமானம் வைத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் வராது. வெள்ளைத் தாளில் எழுதிய ஒப்பந்தம் வராது. அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்று, ஒரு கிராமம் சில வருடம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழும் பிறகு வேறொன்றின் கீழும் இருந்திருக்கலாம். அப்படியானால் இரண்டிலும் ஈசி போட வேண்டும்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது? பழைய லேஅவுட்களில் பட்டா இன்னும் முதலில் மனை பிரித்தவர் பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருக்கும். விற்பவரே தன் பெயருக்கு மாற்றித் தரட்டும், அட்வான்ஸ் ஒப்பந்தத்தில் அதை எழுதுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று வாங்கியவர்கள் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்த கதைகளைக் கேட்டால் உங்களுக்கே புரியும். பட்டாவோடு புலப்படத்தையும் (நிலத்தின் அளவைக் காட்டும் வரைபடம்) அ-பதிவேட்டையும் பாருங்கள். அந்தச் சர்வே எண் முன்பு என்னவாக இருந்தது என்று அ-பதிவேடு சொல்லும். புறம்போக்கு, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நஞ்சை என்று இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் படி 2-ல் சொன்ன ஆயக்கட்டு ஞாபகம் வரட்டும். மழைக்கால விசாரணையை இன்னும் கவனமாகச் செய்யுங்கள்.

லேஅவுட் அனுமதி: சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று யாராவது சொன்னால், ஊராட்சித் தலைவருக்கு மனைப்பிரிவை அனுமதிக்கும் அதிகாரம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்படி வரன்முறைப்படுத்திய ஆணை இருந்தால் கேட்டு வாங்குங்கள். பெரிய லேஅவுட்களில் 10 சதவீத இடம் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டும். லேஅவுட் வரைபடத்தில் உங்கள் வீடு பூங்காவுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நாங்கள் ஒன்று பார்த்தோம்.

கட்டட வரைபட அனுமதியும் வேண்டும். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி மாடி எடுத்திருப்பார்கள். வங்கி மதிப்பீட்டாளர் மாடியைக் கணக்கில் எடுக்காமல் போகலாம், அப்போது கடன் தொகை குறையும். நீங்கள் விலை பேசும்போது மாடிக்கும் சேர்த்துப் பணம் கேட்கப்படும்.

குடும்பச் சொத்து என்றால் கூடுதல் கவனம். தமிழ்நாட்டில் 1989-லிருந்தே பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு உண்டு. “தங்கச்சிக்குக் கல்யாணத்துல எல்லாம் செஞ்சுட்டோம்” என்பது சட்டத்துக்குப் பதில் ஆகாது. அப்பா இறந்துவிட்டார் என்றால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், வெளிநாட்டில் இருப்பவரும் சேர்த்து. பவர் வைத்து ஒருவர் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்யவில்லையா என்று பாருங்கள். முடிந்தால் அவரோடு வீடியோ காலில் பேசிவிடுங்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் செத்துவிடும்.

படி 6: கடைசியாகக் கட்டடம்

இங்கே ஒரு நல்ல மேஸ்திரியையோ சிவில் இன்ஜினியரையோ அழைத்துப் போங்கள். நீங்களும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு சுவரையும் சன்ஷேடின் அடிப்பகுதியையும் தட்டிப் பாருங்கள். டங் என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். பொத் பொத் என்றால் காரை விட்டுவிட்டது. சன்ஷேடிலும் பால்கனி அடியிலும் துருக் கோடு தெரிந்தால் உள்ளே கம்பி உப்பிக்கொண்டிருக்கிறது.

விரிசலில் இரண்டு வகை. பூச்சில் முடி போல ஓடுவது பெரிதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு போலக் கிளம்பிப் போவது அஸ்திவாரம் இறங்கியதாக இருக்கலாம். பள்ளத்தைக் கொட்டி நிரப்பிய மண்ணிலும் களிமண்ணிலும் கட்டிய வீடுகளில் இது சகஜம். கதவுகள் எல்லாவற்றையும் மூடித் திறந்து பாருங்கள், ஒரே பக்கத்துக் கதவுகள் மட்டும் இடித்தால் அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது.

தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குச் சுவர் ஓதம் அடிக்கிறதா? பீரோவையும் சோபாவையும் நகர்த்தச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம், முக்கால் கோடி கொடுக்கப் போகிறீர்கள். மொட்டை மாடியில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டி எங்கே போகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். மின்சாரத்தில் மும்முனை இணைப்பா, எர்த் குழி இருக்கிறதா, ஷாக் அடித்தால் டிரிப் ஆகும் பிரேக்கர் இருக்கிறதா என்பதோடு விட்டுவிடலாம். மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளக் கூடியவை.

படி 7: விலையும் பதிவும்

விலையை இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள்: நிலம் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு. இருபது வருடம் ஆன கட்டடத்துக்குப் புதுக் கட்டடத்தின் சதுர அடி விலையைக் கேட்பார்கள். “இன்டீரியருக்கே பத்து லட்சம் ஆச்சு” என்பார்கள். அது அவர் செலவு, உங்கள் மதிப்பு இல்லை.

பேசிய விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதன் மேல். 2023-க்கு முன் பதிவுக் கட்டணமே 4 சதவீதம் இருந்தது. உதாரணத்துக்கு 90 லட்சம் வீடு என்றால் 6 லட்சத்து 30 ஆயிரமும் 1 லட்சத்து 80 ஆயிரமும், ஆக 8 லட்சத்து 10 ஆயிரம். புரோக்கர், வழக்கறிஞர், பத்திர எழுத்தர் செலவு தனி. இதற்கெல்லாம் வங்கி கடன் தராது, கையில் இருக்க வேண்டும்.

50 லட்சமோ அதற்கு மேலோ போனால் 1 சதவீதத்தை விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து பிடித்து நீங்கள்தான் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். இதற்கும் டிடிஎஸ் என்றுதான் பெயர், போர் தண்ணீரில் அளந்ததோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இன்னும் அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். கறுப்பில் பாதி கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் கடன் குறையும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரிந்து வரியும் கூடும்.

அட்வான்ஸ் ஒப்பந்தத்தில் காலக்கெடு, யார் பட்டா மாற்ற வேண்டும், என்னென்ன பொருள்கள் வீட்டோடு சேரும் என்று எழுதுங்கள். ஏசி, இன்வெர்ட்டர், மோட்டார் ஆகியவற்றைப் பேர் சொல்லி எழுதுங்கள். சாவி வாங்கப் போனபோது ஃபேன்கள் எல்லாம் கழற்றப்பட்டு வயர்கள் தொங்கிக்கொண்டிருந்த வீடு எங்களுக்குத் தெரிந்தவருடையது.

படி 8: சாவி வாங்கும் நாள்

சொத்து வரி, மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு மூன்றையும் உடனே பெயர் மாற்றுங்கள். பாக்கி இல்லை என்பதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், பிறகு முத்திரையும் கையெழுத்தும் சோதிக்க முடியாமல் போகும்.

அப்புறம் ஒன்று. பழைய உரிமையாளரோடு அரை மணி நேரம் வீட்டைச் சுற்றி நடந்து, ஒரு தாளில் படம் போட்டுக்கொள்ளுங்கள். சம்ப் மூடி எங்கே, குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது, எந்த வால்வு எதை மூடும், யார் போர் போட்டார், அவர் நம்பர் என்ன, செப்டிக் டேங்கைக் கடைசியாக எப்போது எடுத்தார்கள். தங்கை வீட்டில் எல்லாம் கேட்டோம், இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டோம். ஒன்றரை வருடம் கழித்து டேங்க் நிரம்பி, லாரி வாசலில் வந்து நின்றபோதுதான் மூடி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பழையவரைப் போனில் பிடித்தோம். “ஓ, அதுவா? கார் நிக்கிற இடத்துல புது டைல்ஸ் போட்டோம்ல, அதுக்கு அடியில” என்றார்.